தலையெழுத்து

எழுத்துகளை நம் இலக்கணகாரர் பலவாறு வகுத்தனர். உயிர் என்றனர், மெய் என்றனர். குறில் என்றனர், நெடில் என்றனர். மெய்யை வல்லினம், மெல்லினம், இடையினம் எனப் பிரித்தனர். ஒலி குன்றி நிற்கும் உகரத்துக்குக்கூடத் தனிப்பெயர் இட்டனர். ஆனால் ஒரே எழுத்துக்குப் பெரியதோர் உருவமும் சிறியதோர் உருவமும் இருத்தல் கூடும் என்ற எண்ணம் அவர்களுள் எவருக்கும் எழவில்லை. தமிழில் ஒருவரை உயர்த்திச் சொல்ல வேண்டுமாயின் பெயருக்கு முன்னே 'திரு' வரும், வினைமுற்றின் ஈற்றிலே 'ஆர்' வரும். எழுத்து மட்டும் தன் உயரத்தை மாற்றுவதில்லை. ஆங்கிலேயன் தன்னைச் சுட்டும் ஒற்றை எழுத்தை எங்கு வந்தாலும் நிமிர்த்தியே எழுதுகின்றான். நமது 'நான்' வாக்கியத்தின் தலையில் நின்றாலும் நடுவில் நின்றாலும் ஒரே அளவினதுதான்.

ஆகவே பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாட்டை நாம் ஆங்கில வகுப்பிலேயே முதன்முதல் சந்திக்கின்றோம். நான்கு கோட்டுக் கொப்பியில் 'கபிட்டல்' ஒருபுறமும் 'சிம்பிள்' மறுபுறமுமாக எழுதிப் பழகியவர்கள் நாம். (சிற்றெழுத்தைச் 'சிம்பிள்' என்பது நம் நாட்டு வழக்கு. ஆங்கிலேயரிடம் அவ்வாறு சொன்னால் அவர் சற்று விழிப்பார்.) அக்கொப்பியை மூடியபின் இவ்விடயம் முடிந்துவிட்டதென்றே பலரும் எண்ணியிருப்போம். கலைப்பீடத்தில் வரலாறும் தமிழும் பயிலும் எனக்கு அது மீண்டும் வந்து வாய்த்தது கணினியின் விரிதாளிலே. மாணவர் சங்கங்களில் சிறிதேனும் ஈடுபட்டவர்கள் இதனை அறிவர். கூட்டத்துக்கு வந்தோர் பட்டியல், சந்தா கட்டியோர் பட்டியல், சான்றிதழ் பெறுவோர் பட்டியல் என ஆண்டு முழுவதும் பட்டியல்களே. பட்டியல் என்றால் இன்று விரிதாள்தான்.

பேரெழுத்தின் வரலாறு சுவையானது. அதனைச் சுருங்கச் சொல்லிச் செல்கின்றேன். உரோமர் கல்லிலே வெட்டியவை யாவும் இன்று நாம் பேரெழுத்து என்று சொல்லும் வடிவங்களே. விரைவாக எழுதிய கைகளிற் பிறந்த சிறிய வடிவங்கள், கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாள்மேன் பேரரசனின் ஆட்சிக் காலத்தில் ஒழுங்குபெற்று ஐரோப்பா எங்கும் பரவின. பின்னர் அச்சுக்கலை தோன்றியபோது, எழுத்துக் கோப்போர் பெரியவற்றை மேல் தட்டிலும் சிறியவற்றைக் கீழ்த் தட்டிலும் இட்டுவைத்தனர். மேல் தட்டு, கீழ்த் தட்டு என்ற அப்பெயர்களே ஆங்கிலத்தில் இன்றும் நிலைத்துள்ளன. இலத்தீன், கிரேக்கம், சிரில்லிக், ஆர்மீனியம் முதலிய சில எழுத்துமுறைகளுக்கே இந்த இரட்டை வடிவம் உண்டு. தமிழுக்கு இல்லை, சிங்களத்துக்கு இல்லை, தேவநாகரிக்கும் அரபுக்கும் இல்லை.

கணினிக்கு இவ்வேறுபாடு வெறும் எண் வேறுபாடே. அஸ்கி எனப்படும் குறிமுறையில் பெரிய 'ஏ' 65, சிறிய 'ஏ' 97. பெரிய 'பீ' 66, சிறிய 'பீ' 98. ஒவ்வோர் இணைக்கும் இடையே சரியாக 32. 1963இல் அம்முறை முதலில் வெளியானபோது அதிற் சிற்றெழுத்துகளே இருக்கவில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே அவை இடம்பெற்றன. எனவே ஒரு பெயரை நிமிர்த்துவது என்பது கணினியைப் பொறுத்தவரை 32ஐக் கழிப்பது. தாழ்த்துவது என்பது 32ஐக் கூட்டுவது. அது யாருடைய பெயர் என்பதோ, அது பெயர்தானா என்பதோகூட அக்கணக்கினுள் வருவதில்லை.

எக்செல் விரிதாளில் இதற்கு மூன்று சார்புகள் உள்ளன. முழுவதையும் பேரெழுத்தாக்குவது அப்பர். முழுவதையும் சிற்றெழுத்தாக்குவது லோவர். சொல்லின் முதலெழுத்தை மட்டும் பேரெழுத்தாக்கி ஏனையவற்றைத் தாழ்த்துவது புரோப்பர். அப்பர் என்றதும் நம்மவர் மனத்தில் உழவாரம் ஏந்திய திருநாவுக்கரசரே தோன்றுவார். அவர் கோயில் முன்றிலில் முளைத்த புல்லைச் செதுக்கித் தரையைச் சமப்படுத்தினார். இந்த அப்பரும் சமப்படுத்துபவரே. ஆனால் புல்லெது பயிரெது என்று பாராமற் செதுக்குபவர்.

செய்முறை எளிது. பெயர்கள் முதலாம் நிரலில் இருப்பின், பக்கத்து நிரலில் சமன் குறியிட்டு, சார்பின் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் முதற் கலத்தின் முகவரியைக் கொடுத்து, சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட வேண்டும். வந்த விடைகளைப் பிரதிசெய்து, பெறுமானங்களாக மட்டும் பழைய நிரலின்மீது ஒட்டிவிட்டு, துணை நிரலை நீக்கிவிடலாம். வேர்ட் மென்பொருளில் ஷிப்ட் விசையுடன் எப் மூன்றை அழுத்தினால் நடந்துவிடும் காரியத்துக்கு எக்செலில் இத்துணைச் சுற்று வேண்டியிருக்கின்றது. இச்சுற்றைப் பொறுக்காதவர்களே மக்ரோவை நாடுகின்றனர். விஷுவல் பேசிக் மொழியில் ஐந்தாறு வரிகள் போதும். தெரிவுசெய்த கலங்களுள் ஒவ்வொன்றாக எடு, அதில் சூத்திரம் இல்லையாயின் அதன் பெறுமானத்தை மாற்றி அக்கலத்திலேயே இடு, அடுத்ததற்குச் செல். இவ்வளவே. இதனை ஒரு பொத்தானுடன் இணைத்துவிட்டால் ஆயிரம் பெயர்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

இரண்டு முறைகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அதனை அவதானிப்போர் குறைவு. சூத்திரம் மூலத்தைத் தொடுவதில்லை. பக்கத்தில் இன்னொன்றை உண்டாக்குகின்றது. இரண்டையும் ஒப்புநோக்க முடியும். மக்ரோவோ மூலத்தின் மீதே எழுதுகின்றது. அது மட்டுமன்றி, மக்ரோ கலங்களை மாற்றியபின் எக்செலின் 'அன்டூ' வேலை செய்யாது. பழையதை மீட்க வேறு பிரதி இருந்தாலன்றி வழியில்லை.

இச்சார்புகளாற் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது இலக்கங்கள், ஈற்றில் 'வீ' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்து. 2016 முதல் வழங்கப்படும் இலக்கங்கள் பன்னிரண்டு. அவற்றில் எழுத்து இல்லை. பழைய அட்டை உடைய பெற்றோரின் இலக்கங்களைப் பலர் தட்டச்சுச் செய்தால், சிலர் பெரிய 'வீ' இடுவர், சிலர் சிறிய 'வீ' இடுவர். விரிதாளின் சமன் குறியும், பெயர் தேடிப் பொருத்தும் வீலுக்கப் சார்பும் இவ்விரண்டையும் ஒன்றென்றே கொள்ளும். எக்சாக்ட் என்ற சார்பும், நாம் வேறு கட்டளை இடாத வரையில் மக்ரோவும், இரண்டென்று கொள்ளும். ஒரே பட்டியலில் ஒருவரை ஒரு வழி 'உண்டு' என்னும், மறுவழி 'இல்லை' என்னும். இந்நிரலுக்கு அப்பரே தக்க மருந்து. ஓர் எழுத்து, ஓர் உருவம்; அத்துடன் பிணக்குத் தீர்ந்தது.

பெயர்களிடம் வரும்போதே இடர் தொடங்குகின்றது. புரோப்பர் என்றால் முறையானது என்று பொருள். எது முறையென்று தீர்மானித்தவர் யார்? எழுத்தல்லாத எந்தக் குறியின் பின்னும் வரும் எழுத்து பேரெழுத்தாகும் என்பதே இச்சார்பின் ஒரே விதி. 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்துடன் தொடர்புடைய ஜோன் டொயிலியின் பெயரில், 'டீ' என்ற எழுத்தை அடுத்து மேற்குறி ஒன்று உண்டு. அதன் பின்வரும் 'ஓ' பேரெழுத்தாக இருத்தல் வேண்டும். புரோப்பர் அதனைச் சரியாகவே செய்யும். ஆனால் அதே விதியால், சென். ஜோன்ஸ் கல்லூரியின் பெயரில் மேற்குறிக்குப் பின்வரும் 'எஸ்'ஸும் காரணமின்றி எழுந்து நிற்கும். விஷுவல் பேசிக்கில் உள்ள ஸ்டர்கொன்வ் என்ற கட்டளையோ சொற்களுக்கு இடையிலான வெற்றிடத்தையே பெரிதும் எல்லையாகக் கொள்வது. அது ஜோன்ஸைக் காப்பாற்றி டொயிலியைக் கவிழ்க்கும். பதிப்புத்துறை முன்னோடியாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையின் ஆங்கில முதலெழுத்துகள் புள்ளிகளுடன் இடைவெளியின்றி இருப்பின், புரோப்பர் இரண்டையும் நிமிர்த்தும். ஸ்டர்கொன்வ் முதலாவதை மட்டும் நிமிர்த்தும். புள்ளிகள் இல்லையாயின் இரண்டுமே தோற்கும். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்குவதில் முன்னின்ற கொல்வின் ஆர். டி சில்வாவின் 'டி' சிற்றெழுத்திலேயே எழுதப்படுவது. இரண்டு வழிகளும் அதனைப் பேரெழுத்தாக்கிவிடும். இத்தீவில் வாழ்ந்தோரின் பெயர்களை ஆங்கில எழுத்தில் முறையாக எழுதவல்ல ஒரு சூத்திரம் இதுவரை என் கண்ணிற் படவில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்துபோன நாட்டின் பெயர்கள் ஒரு விதிக்குள் அடங்குமென எதிர்பார்ப்பதே சற்று மிகையானது.

இவையெல்லாம் ஆங்கில எழுத்திலுள்ள பெயர்கள். தமிழ் எழுத்திலுள்ள பெயர்களுக்கு இத்தொல்லை இல்லையே என்று வாசகர் எண்ணலாம். யுனிகோட் முறையில் எழுதப்பட்ட தமிழாயின் உண்மையே. அப்பரையும் புரோப்பரையும் எத்தனை முறை ஏவினாலும் அத்தமிழ் அசையாது. ஆனால் நம் நாட்டில் நெடுங்காலம் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் கோலோச்சியதும், இன்றும் பல 'கொமினிகேசன்' கடைகளின் கணினிகளில் உயிரோடிருப்பதும் பாமினி எழுத்துரு. பாமினியில் தமிழ் என்பது ஒரு வேடமே. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிக்கப்பட்டுள்ளது. தமிழ் என்ற சொல்லே அங்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். சிறிய 'ஜே' தகரம், பெரிய 'ஜே' துகரம். சிறிய 'கே' மகரம், பெரிய 'கே' முகரம். சிறிய 'எம்' அகரம், பெரிய 'எம்' ஆகாரம். ஆங்கிலத்தில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஒரே ஒலியின் இரு வடிவங்கள். பாமினியில் அவை இருவேறு எழுத்துகள். தமிழ் என்ற அச்சொல்லின்மீது அப்பரை ஏவினால் 'துமுீழு்' என்ற வடிவம் திரையில் எழும். அம்மா என்பதன்மீது புரோப்பரை ஏவினால் 'ஆம்முா' வரும். மெய்யின் புள்ளி அங்கே அரைப்புள்ளியாக இருப்பதால், புள்ளியை அடுத்து வரும் எழுத்தைச் சொல்லின் தொடக்கமென்று கருதி அச்சார்பு நிமிர்த்திவிடுகின்றது.

இதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர், மலையகப் பாடசாலைகளில் உயர்தரம் பயிலும் மாணவர் சிலருக்கு மாதாந்தம் சிறுதொகை வழங்கும் நோக்குடன் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு நிதியைத் தொடங்கினோம். நான் பிறந்து வளர்ந்ததும் ஒரு தோட்டத்திலேயே. 2023இல் வந்த விண்ணப்பங்களிலிருந்து நேர்முகத்துக்கு அழைக்கப்பட வேண்டியோரின் பட்டியல் ஒன்று தயாராயிற்று. ஒரு நிரலில் பெயர் ஆங்கில எழுத்தில், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி. அடுத்த நிரல்களில் தந்தையின் முதலெழுத்தும் பெயரும் தமிழில். தட்டச்சுச் செய்து தந்தவர் நகரத்துக் கடைக்காரர். அவருக்குத் தெரிந்தது பாமினி ஒன்றே. அவரிடம் குறைகாண எதுவுமில்லை, பட்டியல் பிழையின்றியே இருந்தது. கடிதங்களை அச்சிட்டு அனுப்பும் பொறுப்பை, எமக்கு உதவ முன்வந்த ஓர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அங்கே பட்டியல்களைச் 'சுத்தம் செய்வதற்கென' ஒரு மக்ரோ இருந்தது. தெரிவுசெய்த கலங்கள் அனைத்தின்மீதும் புரோப்பர் சார்பை ஏவுவது அது. கணினியின்முன் இருந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் முழு அட்டவணையையும் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினார், கோப்பைச் சேமித்தார், முகவரிச் சீட்டுகள் தாமாகவே அச்சாகின.

சூத்திரத்தால் இதனைச் செய்திருப்பாராயின் தப்பியிருப்போம். பக்கத்து நிரலில் வரும் விடைக்குப் பாமினி எழுத்துரு தானாகத் தொற்றுவதில்லை; ஆங்கில எழுத்துக் குப்பையொன்று தோன்றி, தமிழறியாதவரையும் எச்சரித்திருக்கும். மக்ரோ கலத்தின் உள்ளேயே எழுதியதால் முகமூடி கழலவில்லை. பார்வைக்கு எல்லாம் தமிழாகவே இருந்தது.

நகரத்து வீடுகளாயின் இது ஓர் அச்சுப்பிழையாகச் சிரிப்புடன் முடிந்திருக்கும். வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் கடிதத்தைக் கொண்டுசேர்த்துவிடும். எங்கள் தோட்டத்தில் லயத்துக் காம்பிராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அதன்பின் ஆளின் பெயர். கடிதங்கள் கட்டாக வந்து ஓரிடத்தில் இறங்கும். அங்கிருந்து ஒருவர் பெயரைப் படித்துக் கூப்பிட்டுக் கொடுப்பார். பெயரே அங்கு முகவரி. ஓர் எழுத்து மாறினால் வீடு மாறுகின்றது.

பெயர் மாறிய பத்திரம் எத்தகைய வினையை விளைக்கும் என்பதை எங்கள் வீட்டார் நன்கு அறிவர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்துக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில், மலையகத்தார் பலர் தாம் இன்னார் என்பதைக் காகிதத்தால் நிறுவ முயன்றே வயோதிபராயினர். என் அப்பாயியின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் மற்றொன்று, சேமலாப நிதிப் புத்தகத்தில் வேறொன்று. கூப்பிடுவது நான்காவது பெயரால். அவர் கணினியைக் கண்டதில்லை. எழுதுகோலாலேயே இத்தனையும் நிகழ்ந்தன. ஆதலால் இயந்திரம் வந்துதான் எம் பெயர்களைக் கெடுத்ததென்று நான் முறையிடப் போவதில்லை. முன்பு ஓர் எழுதுவினைஞர் ஒருநாளில் ஒரு பெயரைக் கெடுத்தார். இப்போது ஒரு பொத்தான் ஒரு நொடியில் முழுப் பட்டியலையும் கெடுக்கின்றது. வேறுபாடு வேகத்தில் மட்டுமே.

நேர்முகத் தினத்தன்று பாதிப்பேருக்கு மேல் வரவில்லை. மழை, பஸ் இல்லை, பரீட்சை என்று ஆளுக்கொரு காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். எங்களுடன் இருந்த தோழியொருத்தி தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். வரவுத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "வந்திருப்பவர்களின் பெயர்களைப் பாருங்கள், எல்லாம் உகரமேறிய மெய்யில் தொடங்குகின்றன, இல்லாவிட்டால் ஆகாரத்தில்" என்றாள். சுமதி, குமாரி, முகிலா, புவனா, ஆதிரா. வராதவர்கள் கமலா, கவிதா, ரவி, அகிலா, செல்வி. இலக்கண மாணவி ஒருத்தி கண்ணுக்கே இந்த ஒழுங்கு புலப்பட்டது. மற்றவர்கள் வானிலையைக் குறை கூறிக்கொண்டிருந்தோம்.

கடிதத்தின் பிரதிகளை வரவழைத்துப் பார்த்தபோது காரணம் தெளிவாயிற்று. சுமதியின் சுகரம் பாமினியில் ஏற்கெனவே பேரெழுத்து, ஏனையவை சிற்றெழுத்து. ஆங்கிலப் பெயர் இருக்க வேண்டிய அதே ஒழுங்கில் அவளுடைய தமிழ்ப் பெயர் தற்செயலாக அமைந்திருந்தது. ஆகவே புரோப்பர் அவளைத் தீண்டவில்லை. கமலா குமலாவானாள். கவிதா குவிதாவானாள். ரவி ருவியானான். அகிலா ஆகிலாவானாள். முருகனின் ரகர உகரம் தாழ்ந்து 'முரகன்' ஆயிற்று. செல்வி 'சேல்வுி' ஆகி வாசிக்கவே முடியாத உருவெடுத்தாள். தந்தையரும் தப்பவில்லை, 'ப.' என்பது 'பு.' ஆயிற்று. சில கடிதங்கள் படித்துக் கொடுத்தவரின் ஊகத்தாற் போய்ச் சேர்ந்திருந்தன. சேல்வுியின் கடிதத்தைக் கண்டவர், இது செல்விதான் என்று எண்ணி நேரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கின்றார். அவளுக்கு அன்று காய்ச்சல், அதனாலேயே வரவில்லை. பார்த்தவுடன் பிழையென்று தெரிந்த பெயர்களை மனிதர் திருத்திக்கொண்டனர். பெயர்போலத் தோன்றிய பிழைகளே கட்டிலேயே கிடந்தன. "குமலான்னு யாரும் இந்த டிவிசன்ல இல்ல" என்று அக்கடிதம் ஒரு மூலையில் வைக்கப்பட்டிருந்தது.

இவற்றுள் என்னை மிகவும் கலங்கவைத்தது வேறொரு பெயர். நேர்முகத்துக்கு வந்தோருள் குணநாதன் என்ற ஒரு மாணவனும் இருந்தான். கையில் கடிதம் இருந்தது; அதில் 'மு. குணநாதன்' என்றே இருந்தது. அவன் தந்தை முனியாண்டி. எல்லாம் பொருந்தின. விண்ணப்பக் கட்டில் மட்டும் அவனுடையது இல்லை. கேட்டபோது, "நான் போடல அண்ணா. எங்க சேர்தான் எனக்குச் சொல்லாம போட்டிருப்பாருன்னு நெனச்சேன்" என்றான். ஒரு நாள் வகுப்பை விட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். விண்ணப்பக் கட்டில் இருந்தது ம. கணநாதன். அதே தோட்டம், மேல் பிரிவு, தந்தை மருதை. மகரம் முகரமாயிற்று, ககரம் குகரமாயிற்று. நடுவே புள்ளி பெற்ற மெய் ஒன்றும் இல்லாமையால் பெயரின் ஏனைய பகுதி குலையவில்லை. ஒரு மாணவனின் பெயரும் தந்தையின் முதலெழுத்தும் சேர்ந்து மாறி, உயிரோடுள்ள இன்னொரு மாணவனைச் சரியாகச் சுட்டின. 'துமுீழு்' என்று வந்திருந்தால் எவரும் சிரித்துவிட்டுத் திருத்தியிருப்பர். குணநாதன் என்ற பெயரிலோ பிழையே இல்லை. பிழை ஆளில் இருந்தது.

மாறியதை மீண்டும் லோவரால் மாற்றிவிடலாமே என்று அவ்வலுவலகத்திலிருந்து யோசனை வந்தது. நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட யோசனைதான். ஆனால் இம்மாற்றம் ஒருவழிப் பாதை. கணநாதனும் குணநாதனும் புரோப்பரின் பின் ஒரே வடிவத்தை அடைகின்றனர். அடைந்தபின், எவர் எங்கிருந்து வந்தார் என்ற செய்தி கோப்பில் எங்குமே இல்லை. லோவரை ஏவினால் கமலா மீள்வாள். ஆனால் சுமதி 'சமதி' ஆவாள், குமாரி 'கமாரி' ஆவாள், முருகன் 'மரகன்' ஆவான். முன்பு தப்பியவர்கள் இப்போது அகப்படுவர். ஆங்கிலப் பெயரில் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் அலங்காரத்துக்கு அண்மையானவை, இழந்தாலும் ஆள் இழக்கப்படுவதில்லை. பாமினியில் அந்த 32 என்ற எண்ணே ககரத்துக்கும் குகரத்துக்கும் இடையிலான சுவர்.

கடைக்காரரின் கணினியில் பழைய கோப்பு அழிக்கப்பட்டிருந்தது. கையால் எழுதப்பட்ட விண்ணப்பப் படிவங்கள் மட்டும் எம்மிடம் இருந்தன. தோழியும் நானும் விடுதி வாசிகசாலையில் இரண்டு இரவுகள் அமர்ந்து, படிவங்களை ஒவ்வொன்றாக வாசித்து, பட்டியல் முழுவதையும் யுனிகோட்டில் மீளத் தட்டச்சுச் செய்தோம். அவள் உரக்க வாசிப்பாள், நான் அடிப்பேன், பின் நான் வாசிக்க அவள் படிவத்துடன் ஒப்புநோக்குவாள். பழைய நாட்களில் அச்சகங்களில் படி ஒப்பிட்டதும் இவ்வாறே. ஈரம் பட்டு மை கரைந்திருந்த மூன்று படிவங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து வீட்டாரிடமே கேட்டோம். ஒரு தாய், மகளின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல இயலாமல், பக்கத்துக் காம்பிராவில் இருந்த சிறுபிள்ளையை அழைத்துச் சொல்லவைத்தார்.

அவ்வலுவலகத்தின் மக்ரோவுக்கு இரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தோம். கலத்தின் எழுத்துரு பாமினியாயின் அதனைத் தொடாது அப்பாற் செல். எதனையும் மாற்றுமுன் தாளை முழுவதும் ஒரு பிரதி எடுத்து வை. அவர்கள் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டனர். ஏனைய எழுத்துருக்களில் உள்ள தமிழை அந்த வரி காப்பாற்றாது. பழைய எழுத்துருக்களின் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அதனிலும் ஆங்கில நிரலை மட்டும் தெரிவுசெய்யும்படி ஓர் ஆளுக்குச் சொல்லிவைப்பது இலகு. ஆள் மாறும்போது அதுவும் மறந்துபோகும். ஆதலால் இரண்டையும் செய்தோம்.

இரண்டாம் முறை அழைப்பு அனுப்பியபோது கமலா வந்தாள். ரவியும் அகிலாவும் வந்தனர். கணநாதன் தன் தந்தையுடன் வந்தான். அவனுக்குத் தெரிவுக் கடிதம் கிடைத்தது. குணநாதனின் பெயரைச் சேர்ப்பதற்கு அவ்வாண்டு எம் நிதியில் இடம் இருக்கவில்லை, விண்ணப்பமும் இருக்கவில்லை. அவன் வீணே வந்துபோன பஸ் செலவைக் கொடுக்க முயன்றோம், வாங்க மறுத்துவிட்டான். போகும்போது, அடுத்த முறை விண்ணப்பம் எப்போது வரும் என்று மட்டும் கேட்டான். 2024இல் தன் கையெழுத்தில் நிரப்பி அனுப்பினான். பெயருக்கான கட்டங்களில் ஆங்கில எழுத்துகள் அனைத்தையும் பேரெழுத்தில் எழுதியிருந்தான். அதன் கீழே தமிழில், ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, குகரத்தைச் சற்று அழுத்தி எழுதியிருந்தான்.